பூசணி மஃபினில் பாதி

மனித குலம் பொய்யிலிருந்து மெய்யை நோக்கி நடந்த நெடும்பாதையில், உணவுப் பொட்டலத்தின் முதுகில் அச்சாகும் அந்தக் கறுப்புக் கட்டத்தைப் போல நேர்மையான எழுத்து வேறொன்று கிடையாது. அரசர்கள் கல்லில் வெட்டியதில் பாதி தற்பெருமை. காதலர்கள் எழுதியதில் முக்கால்வாசி மிகை. கட்டம் மட்டும்தான், கொழுப்பு இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு, உப்பு இவ்வளவு என்று யாரையும் புகழாமல், யாருக்கும் பயப்படாமல் சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கும். இதை ஆர்லிஸ் க்வாம்மி மனமார நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? மினசோட்டாவின் ஸ்டில் லேக் ஊரில், ஹெல்லிக்சன் பேக்கரியில், இருபத்தாறு வருடமாக அந்தக் கட்டத்தை எழுதுகிறவள் அவள்தான். அந்த வேலைக்கு ஆள் அவள் ஒருத்திதான். அவள் அறைக்கு ஜன்னல் கிடையாது. முன்பு அது துடைப்பம் வைக்கும் அறை.

அந்த வருடம் செப்டம்பர் பிறந்ததும் வழக்கம்போல நாடு முழுக்கப் பட்டையும் சுக்கும் ஜாதிக்காயும் கிராம்பும் மணக்க ஆரம்பித்தன. காப்பியில் பூசணி மசாலா, மெழுகுவர்த்தியில் பூசணி மசாலா, நாய் பிஸ்கட்டில்கூட. ஹெல்லிக்சன் பேக்கரியின் பங்கு, கண்ணாடித்தாள் சுற்றிய 'அறுவடைப் பூசணி மஃபின்'. பொட்டலத்தின் முன்பக்கம் பெரிய பூசணிப் படம் இருந்தது. பின்பக்கத்துப் பட்டியலில் சர்க்கரை முதலில், மாவு இரண்டாவது, எண்ணெய் மூன்றாவது. பூசணி ஒன்பதாவது இடத்தில், உப்புக்கு ஒரு படி முன்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது.

சிக்கல் பத்து கலோரியில் தொடங்கியது. வட்டாரத்தில் ஐந்து மருத்துவமனைகள் நடத்தும் ஒரு நிறுவனம், தன் கீழ்த்தளக் கடைகளில் நானூறு கலோரிக்கு உட்பட்ட பண்டங்களுக்குப் பச்சை இலை போட்ட அட்டை வைத்து, முன்வரிசையில் அடுக்கப்போவதாக அறிவித்திருந்தது. மஃபினோ நானூற்றுப் பத்து.

"ஆர்லிஸ், நான் இதை ஒரு எண்ணா பாக்கல. ஒரு பயணமா பாக்கறேன்" என்றான் ப்ரென்ட் டோலெஃப்சன். நலவாழ்வுப் பிரிவின் துணைத் தலைவர். முப்பத்தெட்டு வயது. கையில் எந்நேரமும் முக்கால் கேலன் தண்ணீர்ப் புட்டி. அவன் வந்த பிறகுதான் பேக்கரிக்கு நலவாழ்வு என்று ஒரு பிரிவே உண்டாயிற்று.

"பயணம் பத்து கலோரி தூரம்தான் ப்ரென்ட். மேல தூவற சர்க்கரைத் தூள்ல மூணு கிராம் கொறைச்சா சாயங்காலத்துக்குள்ள போய்ச் சேந்துடலாம்."

"தூளைக் கொறைக்கறதா? தூள்தாங்க நம்ம அடையாளம்."

"அப்ப மஃபினைத் துளி சின்னதாக்குங்க."

"சின்னதாக்கினா ஏமாத்தறோம்னு ஜனங்க நெனைப்பாங்க. ஏமாத்தறது நம்ம பண்பாடு கிடையாது." புட்டியைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தான். "நான் கேக்கறது வேற. கட்டத்துல 'ஒரு பங்குன்னா பாதி மஃபின்'னு போட்டுட்டா என்ன? இருநூத்தி அஞ்சு. இலை நம்மளது."

ஆர்லிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவள் ஸ்டில் லேக்கில் பிறந்து வளர்ந்தவள். குரலை உயர்த்தவில்லை. "அது கொஞ்சம் வித்தியாசமா இருக்கே" என்றாள். அந்த ஊரில் அதற்குமேல் ஒருவரைத் திட்ட வார்த்தை கிடையாது. ப்ரென்டுக்கு அது உறைக்கவில்லை.

"சட்டம் விடாது" என்று அவளே தொடர்ந்தாள். "இந்த அளவு மஃபினை ஒரு ஆள் ஒரே மூச்சுல முடிச்சுடுவான்னு அரசாங்கத்துக்கே தெரியும். இருநூத்தி இருபது கிராம் இருந்தாத்தான் ரெண்டு பங்குன்னு போட முடியும்."

சொல்லி முடித்த கணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ப்ரென்டின் முகத்தில் விளக்கு எரிந்துவிட்டது.

"அப்ப பெருசாக்கிடுவோம்" என்றான்.

இப்படியாக, மஃபினை உடம்புக்கு நல்லதாக்குவதற்காக அதை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கினார்கள். நூற்றுப் பதினெட்டு கிராமாக இருந்தது இருநூற்று இருபத்தைந்து ஆயிற்று. புதுக் காகிதக் கிண்ணம் வந்தது. அடுப்புப் பொறுப்பாளர் எக்டர் விய்யலோபோஸ், டெக்சஸிலிருந்து வந்து இரண்டு வருடம் ஆனவன், முதல் தட்டை வெளியே இழுத்துவிட்டு ஆர்லிஸின் அறை வாசலில் வந்து நின்றான்.

"மேடம், ஒரு வார்த்தை. இது மஃபின் இல்ல. தலைகாணி."

"தெரியும் எக்டர்."

"வெளிய வெந்துடுது, நடுவுல கூழா நிக்குது. ஒம்பது நிமிஷம் கூட வச்சா மேல கருகுது. எதுக்கு மேடம் இவ்ளோ பெருசு?"

"கலோரி கம்மியா தெரியறதுக்கு."

எக்டர் கையுறையைக் கழற்றினான். "நான் டெக்சஸ்காரன். பெருசா இருக்கறது எதையும் குத்தம் சொல்ல மாட்டேன். இதைச் சொல்றேன்" என்றுவிட்டுப் போய்விட்டான்.

ஆர்லிஸுக்கு ஒரே ஆறுதல் இருந்தது. இந்த அளவுப் பொட்டலத்தில் இரண்டு பத்தி போட்டாக வேண்டும் என்பது விதி: இடப்பக்கம் ஒரு பங்குக்கு, வலப்பக்கம் முழுப் பொட்டலத்துக்கு, இரண்டும் ஒரே அளவு எழுத்தில். இடப்பக்கம் முந்நூற்றுத் தொண்ணூறு கலோரி, ஐம்பத்தாறு கிராம் மாவுச்சத்து. வலப்பக்கம் எழுநூற்று எண்பது, நூற்றுப் பன்னிரண்டு. வலப்பக்கத்தை அவள் ஆசை ஆசையாகத் தட்டச்சு செய்தாள். அந்த ஆறுதலும் ஒரு நாள்தான் நின்றது. மருத்துவமனைக் கடையின் அட்டையில் ஒரே ஒரு பத்திக்குத்தான் இடமிருக்கிறதாம். இடப்பக்கம்.

இதில் ஆர்லிஸின் வீட்டுக் கவலையும் கலந்திருந்தது. அவள் கணவன் வெர்லினுக்குப் பதினான்கு வருடமாகச் சர்க்கரை நோய். வியாழன்தோறும் காலில் ஆறாத புண்ணுக்குக் கட்டு மாற்ற அதே மருத்துவமனைக்குத்தான் போவான். மாற்றியதும் கீழ்த்தளக் கடையில் ஏதாவது வாங்குவான், அட்டையில் போட்டிருக்கும் மாவுச்சத்தைப் பார்ப்பான், அதற்கேற்ற அளவு ஊசி குத்திக்கொள்வான், தின்பான். போன வருடம் ஒரு சோள வறுவல் பாக்கெட்டில் ஒரு பங்கு என்று போட்டிருந்ததை நம்பி நாலு பங்கையும் தின்று, சர்க்கரை நானூற்றைத் தாண்டி, இரண்டு ராத்திரி அதே மருத்துவமனையில் படுத்திருந்தான்.

"பொட்டலத்தைத் திருப்பிப் பாருன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று அன்று மாலை அடுப்பில் சுட்ட ஹாட்டிஷ் சாப்பாட்டுக் கிண்ணத்தை மேசையில் வைத்தபடி கேட்டாள் ஆர்லிஸ்.

"திருப்பினா எழுத்து பொடிசா இருக்கு. யாரு எழுதறாங்களோ."

"நான்தான் எழுதறேன்."

"அப்ப கொஞ்சம் பெருசா எழுதேன்."

"வெர்லின், ஒரு மஃபின் குடுத்தா நீ பாதியோட நிறுத்துவியா?"

"எதுக்கு நிறுத்தணும்? மீதி கெட்டுப் போயிருக்கா?"

இதுதான் பிரச்சினை. அட்டை ஐம்பத்தாறு என்னும். வெர்லின் ஐம்பத்தாறுக்கு ஊசி குத்துவான். நூற்றுப் பன்னிரண்டை விழுங்குவான்.

மருத்துவமனையின் உணவியலாளர் ஜாய் ஷியோங் லேசில் மடிகிற ஆள் இல்லை என்பது தொலைபேசியிலேயே தெரிந்தது. பாதி என்பது பேப்பர் கணக்கு, நிஜத்தில் ஜனங்கள் பாதிதான் தின்கிறார்களா என்று கேட்டார். சராசரி பாதியைத் தாண்டாவிட்டால் இலை உண்டு, தாண்டினால் கிடையாது, நேரில் வந்தே எண்ணிக்கொள்கிறேன் என்றார்.

"வாங்க வாங்க. புதன்கிழமை பத்து மணிக்கு, எங்க ஓய்வறையிலயே" என்றான் ப்ரென்ட்.

ஆர்லிஸுக்குப் புரிந்துவிட்டது. ப்ரென்டுக்கு மாவு தெரியாது, சத்து தெரியாது, ஆனால் ஊரைத் தெரியும். ஓய்வறையில் யாராவது டோனட் பெட்டி வைத்தால் என்ன நடக்கும்? முதல் ஆள் கத்தியைத் தேடுவார். பாதி எடுப்பார். அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி எடுப்பார். சாயங்காலம் பெட்டியில் விரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு கிடக்கும். அதை எடுக்க ஒருவருக்கும் துணிவு வராது. விருந்தாளி முன்னால், முழுசாக ஒன்றை, தனக்கென்று எடுப்பதா? கல்யாணமே நின்றுபோகும்.

அவள் மேசை மேசையாகப் போனாள். முதலில் வரவேற்பில் இருக்கும் லவானிடம்.

"புதன்கிழமை நீ முழு மஃபின் ஒண்ணு எடுத்துச் சாப்பிடணும்."

"ஐயையோ! அந்த ஆஸ்பத்திரி அம்மா முன்னாலயா? என்னை என்னன்னு நெனைப்பாங்க?"

"பசிக்குதுன்னு நெனைப்பாங்க. லவான், உன் மேசைக்கு அடியில குப்பைத்தொட்டியில மூணு மஃபின் தாள் கெடக்கு."

"அது பாதி பாதியா சாப்பிட்டது."

"ஆறு பாதியா?"

"ஒரே நாள்ல இல்லடி!" லவான் தொட்டியைக் காலால் உள்ளே தள்ளினாள். "நீ வேணா முழுசா சாப்பிடேன். உன் புருஷனுக்காகத்தானே இவ்வளவும்?"

"நான் சாப்பிடத்தான் போறேன்."

"நீயா?"

"ஏன், எனக்கென்ன? எல்லார் கண்ணு முன்னாலயும் முழுசு ஒண்ணு எடுத்து, கடைசித் துணுக்கு வரைக்கும் சாப்பிடுவேன்."

"பாக்கறேன்" என்றாள் லவான். அதைச் சொன்ன விதம் ஆர்லிஸுக்குப் பிடிக்கவில்லை.

புதன்கிழமை ஜாய் ஷியோங் வந்தார். கோட்டைக் கழற்றுவதற்குள் லவான் காப்பி வேண்டுமா என்றாள்.

"இல்லல்ல, சிரமப்படாதீங்க."

"போட்டுத்தான் இருக்கு."

"பரவாயில்ல, நான் குடிச்சுட்டுத்தான் வந்தேன்."

"ஒரு அரைக் கப்பு?"

"சரி, அவ்வளவு சொல்றீங்கன்னா."

ஜாய் பிறந்தது இதே மினசோட்டாவின் செயின்ட் பாலில். மூன்றாவது தடவைதான் சரி சொல்ல வேண்டும் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. ஆர்லிஸின் நம்பிக்கை அங்கேயே கொஞ்சம் ஆட்டம் கண்டது. எண்ண வந்தவரும் நம்மவர்தான்.

மேசையில் தட்டு. அதில் ஏழு மஃபின்கள். பன்னிரண்டு பேருக்கு ஏழு. பக்கத்திலேயே, கண்ணில் படும்படி, நீளமான வெண்ணெய்க் கத்தி.

"ஆளுக்கு ஒண்ணு வைக்கலியா ப்ரென்ட்?" என்று ஆர்லிஸ் பல்லைக் கடித்தபடி கேட்டாள்.

"வீணாக்கக் கூடாதுன்னு பாத்தேன். வேணுங்கறவங்க எடுத்துக்கட்டும். எந்தக் கட்டாயமும் இல்ல."

பிறகு அவன் ஒரு சின்னச் சொற்பொழிவு ஆற்றினான். உணவோடு நமக்குள்ள உறவு பற்றி, உடம்பு சொல்வதைக் கேட்பது பற்றி, பூசணி என்னும் காய் இந்த மண்ணுக்குச் செய்த தொண்டு பற்றி. உப்புக்கு ஒரு படி முன்னால் நிற்கும் பூசணிக்கு அவ்வளவு புகழ்ச்சி அதுவரை கிடைத்ததில்லை. ஜாய் படிவத்தைத் திறந்து பன்னிரண்டு பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு, பேனாவை மூடியபடி காத்திருந்தார்.

யாரும் எழவில்லை. ஒரு முழு நிமிடம் யாரும் எழவில்லை. கணக்குப் பிரிவு மனிதர் வானிலை பற்றிப் பேசினார். இன்னொருவர் ஆமோதித்தார். கடைசியில் லவான், "நான் கொஞ்சூண்டு எடுத்துக்கறேன், யாருக்கும் வேணாம்னா" என்று போய், கத்தியால் அளந்து அளந்து, நடுக்கோடு பிசகாமல் வெட்டிப் பாதி எடுத்தாள். அணை உடைந்தது. வரிசையாக வந்தார்கள், வரிசையாக வெட்டினார்கள். நடுவில் இருந்த கூழ் கத்தியில் ஒட்டிக்கொண்டது. "நல்லாருக்கு" என்றார் ஒருவர். "வித்தியாசமா இருக்கு" என்றார் இன்னொருவர், மெதுவாக.

ஒன்பது பேர், ஒன்பது பாதி. ஆர்லிஸுக்கு நெஞ்சு எரிந்தது. இதே ஒன்பது பேரின் குப்பைத்தொட்டிகளையும் அவளுக்குத் தெரியும்.

அப்போது எக்டர் அடுப்பறையிலிருந்து வந்தான். கை துடைத்தான். தட்டைப் பார்த்தான். ஒரு முழு மஃபினை எடுத்து, நின்றபடியே, நாலு கடியில் முடித்தான். கணக்குப் பிரிவு மனிதர் கூரையைப் பார்த்தார். எக்டர் தட்டில் அநாதையாகக் கிடந்த ஒரு பாதியை நோக்கிக் கை நீட்டினான். லவான் மூச்சை உள்ளே இழுத்த சத்தம் கேட்டது. இரண்டு வருடத்தில் அவனுக்கும் ஏதோ ஒட்டியிருந்திருக்க வேண்டும். கத்தியை எடுத்து, அந்தப் பாதியில் பாதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு போனான். ஆர்லிஸுக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"ப்ரென்ட், நீங்க?" என்று ஜாய் கேட்டார்.

"நான் சர்க்கரையை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு."

"அப்ப உங்க பேரை எடுத்துடறேன்."

"எடுக்காதீங்க. நானும் இங்கதான் இருக்கேன். மஃபின் என் முன்னாலயும் இருக்கு. சாப்பிடாததும் ஒரு அளவுதானே?"

"அது எப்படிங்க கணக்குல வரும்?" என்று ஆர்லிஸ் எழுந்தேவிட்டாள். "தன் மஃபினைத் தானே தொடாத ஆளு!"

ஜாய்க்கும் தர்மசங்கடம். விருந்தாளியாக வந்த இடத்தில் மல்லுக்கட்ட அவருக்கு மனம் வரவில்லை. பேனாவை இரண்டு தடவை திறந்து மூடிவிட்டு, ப்ரென்டின் பெயருக்கு நேரே சுழி போட்டார். பிறகு கூட்டினார். "பதினொரு பேரு, மொத்தம் அஞ்சே முக்கால். பாதியைக் கொஞ்சம் தாண்டுது. இன்னும் ஒருத்தர்தான் பாக்கி. ஆர்லிஸ், நீங்க பாதி சாப்பிட்டாலே ஆறு தாண்டிடும். அப்பறம் இலை குடுக்க முடியாது, மன்னிச்சுடுங்க ப்ரென்ட்."

ப்ரென்டின் முகம் புட்டித் தண்ணீர் போல நிறமற்றுப் போயிற்று.

பாதி போதும். முழுசுகூடத் தேவையில்லை. ஆர்லிஸ் மேசையை நோக்கி நடந்தாள். ஆறு எட்டு. தட்டில் ஒரு முழு மஃபின், கடைசி மஃபின், மலை போல உட்கார்ந்திருந்தது. அதன் பக்கத்தில் எக்டர் விட்டுவைத்த கால் துண்டு. பதினோரு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கை மஃபினின் மேல் போய் நின்றது. வெர்லினை நினைத்தாள். சோள வறுவலை நினைத்தாள். இரண்டு ராத்திரி ஆஸ்பத்திரி நாற்காலியை நினைத்தாள்.

"எடுத்துக்கோ ஆர்லிஸ், எடுத்துக்கோ!" என்று லவான் உற்சாகமாகக் கத்தினாள். "கடைசி ஒண்ணுதான், பரவாயில்ல, முழுசாவே எடுத்துக்கோ!"

கடைசி ஒன்று. முழுசாக. ஆர்லிஸின் காதுமடல் சூடாயிற்று. கணக்குப் பிரிவு மனிதர் மறுபடியும் கூரையைப் பார்க்கத் தொடங்கியிருந்தார். அவள் கை, அறுபத்தோரு வருடம் இந்த ஊரிலேயே வாழ்ந்த கை, அவளைக் கேட்காமலேயே இரண்டு அங்குலம் நகர்ந்தது.

"இந்தத் துண்டு வீணாப் போயிடுமே" என்று அவள் வாய் சொன்னது. கால் துண்டு அவள் தட்டுக்கு வந்துவிட்டது.

கால் சேர்ந்தால் சரியாக ஆறு, ஆளுக்குப் பாதி. இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, மேலே ஒரு துணுக்கு தின்றாலே தாண்டிவிடும். ஆர்லிஸ் நாற்காலிக்குத் திரும்பி உட்கார்ந்து, அதை இரண்டு வாயில் முடித்தாள். ஜாய், நல்லவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னும் கொஞ்சம் எடுத்துக்கங்களேன்?"

"இல்லல்ல, தாராளமா ஆச்சு."

"இவ்ளோ மீதி இருக்கே?"

"பரவாயில்ல, காலைல நல்லா சாப்பிட்டுட்டேன்."

ஜாய் மூன்றாவது தடவை கேட்க வாயைத் திறந்தார். ஆர்லிஸ் எழுவதற்குத் தயாராக நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தாள்.

"ரொம்ப நன்றி எல்லாருக்கும்!" என்று ப்ரென்ட் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்பறைப் பக்கம் போய்விட்டான்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை, பதினொன்றே காலுக்கு, ஜன்னல் இல்லாத அறையில் தொலைபேசி அடித்தது. வெர்லின்.

"உங்க மஃபின் இங்க முன்னாலயே இருக்கு. பச்சை இலை எல்லாம் போட்டு. அம்பத்தாறுன்னு அட்டை சொல்லுது. இதைப் பாத்தா அம்பத்தாறு மாதிரி தெரியலியே?"

"ரெண்டால பெருக்கு வெர்லின். அது பாதிக்கு. ஊசி போடறதுக்கு முன்னாடி ரெண்டால பெருக்கு."

"பாதிக்கா? எதுக்குப் பாதிக்குப் போட்டிருக்காங்க?"

"சராசரியா ஜனங்க பாதிதான் சாப்பிடறாங்களாம். எண்ணிப் பாத்திருக்காங்க."

"எவன் பாதி சாப்பிடறான்? அந்த ஆளை எனக்குக் காட்டு, பாக்கறேன்."

ஆர்லிஸ் தொலைபேசியை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டாள். அவள் சாப்பிட்டது கால்.